அருகிலுள்ள திறந்தவெளி

பேரிடர் மேலாண்மையில் ஒரு வருட டிப்ளமோ முடித்திருக்கிறேன், தொலைநிலைக் கல்வியில். மார்க்கும் நல்ல மார்க்தான். தணித்தல், தயார்நிலை, எதிர்கொள்ளல், மீட்சி என்று நான்கு கட்டங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பத்து மார்க் கேள்வி அது, வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்துவிட்டால் திருத்துபவர் மேற்கொண்டு எதையும் படிப்பதில்லை.

இந்தப் படிப்பு இருக்கிறதே என்று எங்கள் பள்ளிக்கான பாதுகாப்புத் திட்டம் எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். மாதிரிப் படிவம் ஒன்று கையில் இருந்தது. பள்ளியின் பெயர், மாணவர் எண்ணிக்கை, இரண்டையும் மாற்றினேன், மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டேன். "அவசர காலத்தில் கூடுமிடம்: அருகிலுள்ள திறந்தவெளி." கையெழுத்து, சீல், ஃபைலில் போட்டாயிற்று.

எங்கள் பள்ளி கடலூர் மாவட்டத்தில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. திறந்தவெளி என்றால் எங்கள் விளையாட்டு மைதானம்தான், வேறு கிடையாது. ஒரு நல்ல மழைக்கு ஊரிலேயே முதலில் தண்ணீர் கட்டுகிற இடமும் அதுதான். இது எனக்குத் தெரியாதா? பத்து வருடமாக அந்தச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். ஆனாலும் எழுதும்போது உறைக்கவில்லை. ஏனென்றால் நான் திட்டம் போடவில்லை, படிவம் நிரப்பினேன்.

அப்புறம் ஒருநாள் ஜப்பானின் ஒகாவா தொடக்கப்பள்ளியைப் பற்றிப் படித்தேன். (என் பாடத்திட்டத்தில் அது இல்லை, வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது.) 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம். பிள்ளைகள் மேசைக்கடியில் பதுங்கி, நடுக்கம் நின்றதும் வரிசையாக முற்றத்துக்கு வந்து நின்றார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை. சுனாமி அந்தப் பள்ளியை அடைந்தது 3.37 வாக்கில், அதாவது கையில் ஏறக்குறைய 50 நிமிடம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பாடத்தின் ஒரு பகுதியாகப் பிள்ளைகள் ஏறிக் காளான் வளர்த்த அதே குன்று. மேலே ஓடிவிடலாம் என்று சில பிள்ளைகள் அப்போதே கேட்டதாகத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மலையில் மரம் சாயுமோ, மண் சரியுமோ என்ற கவலை. கடைசியில் கிளம்பியது ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடாக இருந்த இடத்தை நோக்கி. 108 பிள்ளைகள் படித்த பள்ளி அது, 74 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஆசிரியர்களில் 10 பேர்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்தப் பள்ளியின் கையேட்டில் சுனாமி வந்தால் எங்கே போவது என்ற இடத்தில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? பக்கத்திலுள்ள காலி இடம், பூங்கா போன்றவை. அப்படி ஒதுங்கத் தக்க பூங்கா எதுவும் அங்கே இல்லை. தவறு அந்த 50 நிமிடத்தில் மட்டும் நடந்ததல்ல, முன்கூட்டியே திட்டத்தைச் சரிசெய்யாததும் தவறு என்று செண்டாய் உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது, 2019இல் உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது. இதைப் படித்துவிட்டு என் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அருகிலுள்ள திறந்தவெளி. வயிற்றைக் கலக்கிவிட்டது.

இதற்காகக் கோட்பாடு எதற்கும் உதவாது, களம்தான் எல்லாம் என்று பேசுகிற ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆபத்து வந்தால் ஜனங்கள் பீதியில் கண்மண் தெரியாமல் ஓடுவார்கள் என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963இல் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையத்தில் சமூகவியலாளர் குவாரன்டெல்லியும் அவருடைய சகாக்களும் ஊர் ஊராகப் போய் விசாரித்துச் சொன்னது இதற்கு நேர்மாறு. அப்படிப்பட்ட பீதி அபூர்வம். பெரும்பாலும் ஜனங்கள் நம்ப மறுத்து, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டு, தாமதமாகத்தான் நகர்கிறார்கள். ஒகாவா முற்றத்தில் பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றார்கள். அந்த ஒழுங்கை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கோட்பாடு தெரிந்தவருக்கு அது உடனே புரியும், ஆனால் நம் வினாத்தாள் அதைக் கேட்பதில்லை, வட்டத்தைத்தான் கேட்கிறது.

அதே நாளில் அதே கடற்கரையில் கமாய்ஷி ஊரின் உனோசுமாயில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேராசிரியர் கடாடா தொஷிடகா அந்த ஊர்ப் பள்ளிகளில் வருடக்கணக்காகப் பாடம் எடுத்திருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: தண்ணீர் எதுவரை வரும் என்று காட்டும் வரைபடத்தை நம்பாதே, முடிந்த மட்டும் முயற்சி செய், முதல் ஆளாக நீ ஓடு. அங்கிருந்த இரண்டு பள்ளிகளும் அரசு வரைபடப்படி தண்ணீர் வராத பகுதியில் இருந்தன. ஆனாலும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள், அதைப் பார்த்துத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளும் சேர்ந்து ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பின்னால் மண் சரிவதைக் கண்டு இன்னும் மேலே, அதுவும் போதாதென்று அதற்கும் மேலே. பள்ளிகள் மூழ்கின, ஓடிய பிள்ளைகள் பிழைத்தார்கள்.

நம் ஒத்திகைக்கு வருவோம். முந்தின நாளே அறிவிப்பு. காலை 11 மணிக்கு மணி அடிக்கும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நாலே நிமிடத்தில் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள், போட்டோ வாட்ஸப்பில் போகும், மேலிருந்து ஒரு கைகூப்பு எமோஜி வரும். ஒரு குறைகூட வெளிவராத ஒத்திகையை ஆண்டு விழா நாடகம் என்றுதான் சொல்ல வேண்டும். படிப்பில் என் கையில் அதிகாரம் இருந்தால் பாதி மார்க்கை இதற்கே ஒதுக்குவேன்: உன் தெருவுக்கு ஒரு திட்டம் எழுது, அதை நடத்திப் பார், எங்கே உடைந்தது என்று எழுதிக் கொடு. எங்கும் உடையவில்லை என்று எழுதுபவருக்குப் பூஜ்யம்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். போன மாதம் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, வெள்ளம் என்றால் எதிர்த்தெருக் கல்யாண மண்டபத்தின் மாடி என்று எழுதினேன். யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் மணி அடித்தேன். மண்டபம் பூட்டிக் கிடந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சிதம்பரத்தில். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் கழிவறையில் இருந்ததை யாருமே கவனிக்கவில்லை. மொத்தம் 19 நிமிடம் ஆனது. தலைமை ஆசிரியருக்கு என்மேல் கோபம், இதையா ரிப்போர்ட்டில் போடுவது என்று கேட்டார். போட்டேன்.

இப்போது ஒரு சாவி எங்கள் அலுவலக அறையில் தொங்குகிறது. கொடுக்கும்போது மேனேஜர், "சார், முகூர்த்த நாள்ல வெள்ளம் வந்தா ரெண்டு கூட்டத்தையும் எங்க வைக்கிறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஒத்திகையை ஒரு முகூர்த்த நாளில் வைக்கலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன், பெண் வீட்டாரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.