இடது தோளில் வைத்துச் சுடுபவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

"வலது தோளில் வைத்தே சுடப் பழகிக்கொள்ளுங்கள்." அமெரிக்காவில் இடக்கைக்காரர் ஒருவர் பாயிண்ட் 22 எனும் சிறு தோட்டா அரைத் தானியங்கி ரைஃபிள் வாங்கக் கடைப்படி ஏறினால், காசில்லாமல் கிடைக்கும் முதல் பொருள் இந்த உபதேசம்தான். இடது கண்ணால் குறி பார்க்கிறவன் வலது தோளில் துப்பாக்கியின் பின்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுக் கழுத்தை எப்படி ஒடித்துக்கொள்வது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம் அல்லவா?

அடுத்த சமாதானம் இன்னும் எரிச்சலூட்டும். அரைத் தானியங்கிதானே, குண்டுக்குக் குண்டு போல்ட்டை (அடுத்த தோட்டாவை ஏற்றும் தாழ்ப்பாளை) இழுக்க வேண்டியதில்லை, எந்தக் கையாக இருந்தால் என்ன என்பார்கள். என்னவா? சுட்ட தோட்டாவின் காலி உறை தெறிக்கும் வாய் வலப்பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்துச் சுடும்போது நம் முகமும் அதே வலப்பக்கம்தான் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த துப்பாக்கியில் நான் சுட்டபோது, சூடான உறை ஒன்று சட்டைக் காலருக்குள் இறங்கியது. துப்பாக்கியைக் கீழே வைக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எரியாத வெடிமருந்துத் துகள்களும் புகையும் அதே வாய் வழியாக முகத்துக்கு வருகின்றன. கண்ணாடி அணியாதவர் கதி அதோகதி.

தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பொத்தானும் அப்படித்தான். விசைக்கு அருகே குறுக்காகச் செல்லும் அந்தப் பொத்தானை, சுடுவதற்கு முன் வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். வலக்கைக்காரருக்கு ஆள்காட்டி விரல் அங்கேயே இருக்கிறது. நாம் பிடியைத் தளர்த்தி, விரலை அந்தப் பக்கம் சுற்றிக் கொண்டுபோக வேண்டும்.

செய்ய முடியாத காரியம் என்றால் மனம் ஆறும். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1914-இல் வெளிவந்த எஸ்ஏ-22 ரைஃபிள், உறையை நேராகக் கீழே தள்ளுகிறது. எந்தத் தோளில் வைத்தாலும் முகத்துக்கு வராது. (சில சமயம் முன்கைச் சட்டைக்குள் நுழையும், ஆனால் அது வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருவருக்கும் பொது.) அதற்குப் பின் 1960-இல் வந்த மார்லின் 60, 1964-இல் வந்த ரூகர் 10/22 இரண்டும் உறையை வலப்பக்கமே தெறிக்கவிட்டன. இவைதான் கடைகளில் குவிந்து விற்றன. முழுக்க இடப்பக்கம் திருப்பிச் செய்தது என்று கேட்டால் சாவேஜ் 64-இன் இடக்கை வடிவத்தைக் காட்டுவார்கள். அதற்கு மேல் பட்டியல் நீளாது.

இடக்கைக்காரர் பத்தில் ஒருவர்தானே, அவ்வளவு பேருக்காகத் தனியாகத் தயாரிக்க முடியுமா என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கே பிழை. ரைஃபிளுக்குக் கையை விடக் கண் முக்கியம். வலக்கையால் எழுதுகிறவர்களிலும் இடது கண் ஓங்கியவர்கள், அதாவது குறி பார்க்க இடது கண்ணே முந்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யார் எண்ணினார்கள்?

பணம் இருந்தால் கீழே தள்ளும் பிரவுனிங்கை வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தச் சாவேஜுக்குக் காத்திருங்கள். நடுவில் எவராவது வலக்கைத் துப்பாக்கியை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்து, இடது தோளில் வைத்து முழுவதையும் சுட்டுக்காட்டச் சொல்லுங்கள்.