பழைய படங்களில் ஹெச்டி தெளிவு இருக்க முடியாதா?

"அந்தக் காலத்தில் ஹெச்டி கேமராவே கிடையாது, எனவே 4கே என்று விற்கப்படும் பழைய படங்கள் அனைத்தும் கணினியால் பெரிதாக்கப்பட்டவையே" என்ற செய்தி பரவலாகப் பகிரப்படுகிறது. இது தவறு.

படச்சுருளில் பிக்சல் என்ற கணக்கே இல்லை. ஒளிபட்ட வெள்ளி உப்புத் துகள்களே அதில் காட்சிக்கு அடிப்படையாகின்றன; நன்கு ஒளிப்பதிவு செய்யப்பட்ட 35 மி.மீ. மூல நெகட்டிவில் (படப்பிடிப்பின்போது கேமராவுக்குள் ஓடிய படச்சுருளில்), 1920×1080 என்ற ஹெச்டி அளவைக் காட்டிலும் கூடுதலான நுணுக்கம் பதிந்திருக்கும். திரையரங்குப் பிரதிகள் பெரும்பாலும் நெகட்டிவிலிருந்து சில படிகள் கடந்து வந்தவை என்பதால், ஒவ்வொரு படியிலும் சிறிது தெளிவை இழந்தன. டிவிடியோ 480 அல்லது 576 வரிகளுக்குள் அடங்கிவிட்டது. நெகட்டிவை ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்யும்போது, கோட்டுத் துணியின் நெசவும் நெற்றியில் கலைந்து விழுந்த ஒற்றை முடியும் கண்ணுக்குத் தெரிவது, அவை தொடக்கத்திலிருந்தே அங்கு இருந்ததால்தான்.

திரையில் மெல்லிய பொடிபோல அசையும் துகள்களையும் சிலர் குறையாகக் காட்டுகிறார்கள். அது படச்சுருளின் இயல்பு. மென்பொருளால் அதை முற்றிலும் துடைத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மைபோல ஆகிவிடுகின்றன, அத்தகைய பதிப்புகளைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

நெகட்டிவ் அழிந்து, தேய்ந்த பிரதி மட்டுமே எஞ்சிய படங்களுக்கும், வீடியோ நாடாவில் பதிவான நிகழ்ச்சிகளுக்கும் மட்டும் அந்தச் செய்தி ஓரளவு பொருந்தும்.