ஆவுளியாவை (கடற்பசுவை) விட்டால் வழக்கா?

"வலையில ஆவுளியா மாட்டுனா கமுக்கமா முடிச்சிருங்க, வனத்துறைக்குச் சொன்னா கேஸுதான்; காப்பகம்னு நம்ம தொழிலுக்கும் தடை" என்று மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தபோதே, புதுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. சிக்கியதை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதியே கொடுத்திருக்கிறது. கொன்றால், கறியை விற்றால்தான் வழக்கு. 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஆவுளியா இருப்பது உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில்.

ஆவுளியா மீனல்ல. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் கிடந்தால் சில நிமிடத்தில் உயிர் போய்விடும். ஈனுவதும் சில வருஷத்துக்கு ஒரு குட்டிதான். அதை விடுவிக்க அறுத்து வலை போனால் கைநஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மேயும் கடற்புல்லில்தான் நம் நண்டும் இறாலும் வளர்கின்றன.