சிவப்புக் கொடி பொய் சொல்லக் கூடாது

இங்கிலாந்தில் வார இறுதி நடைக்குப் போகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். டார்ட்மூர், லுல்வொர்த், சாலிஸ்பரி சமவெளி என்று படங்கள் போடுகிறார்கள். கீழே யாராவது கேட்பார்கள்: "அது ராணுவ இடமாச்சே, உள்ளே விடுவாங்களா?" விடுவார்கள். சுடும் பயிற்சி இல்லாத நேரத்தில் இந்த நிலங்களின் பல பகுதிகளில் தாராளமாக நடக்கலாம். சாலிஸ்பரியில் குண்டுகள் விழும் நடுப்பகுதி மட்டும் எப்போதும் மூடியே இருக்கும்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை அழுத்தமாகவே சொல்கிறேன். மக்களை உள்ளே விடுவது ஒரு பக்கம், பாதுகாப்பு இன்னொரு பக்கம் என்று தராசில் வைத்துப் பேசுவதே தவறு. எங்கே, எப்போது போகலாம் என்று உண்மையாகச் சொல்கிற இடத்தில்தான், போகாதே என்றால் ஜனங்கள் கேட்பார்கள்.

டார்ட்மூரில் சுடும் நாட்களில் குன்றுகளின் மேல் சிவப்புக் கொடி ஏறும், இரவென்றால் சிவப்பு விளக்கு. எல்லை நெடுக சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பங்கள். ஏற்பாடு அவ்வளவுதான். வேலி கிடையாது. கொடியைப் பார்த்தவர் தானாகத் திரும்பிப் போக வேண்டும். முழுக்க முழுக்க நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு இது. பயிற்சி ரத்தான பிறகும் கொடி நாள் முழுக்கப் பறந்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும். கொடி பறக்கும்போது எல்லைக் கம்பத்தருகே நின்று, "சத்தமே இல்லையே, முடிஞ்சிருக்கும்" என்று உள்ளே போகப் பார்த்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். சுடும் பயிற்சி பட்டாசு மாதிரி விடாமல் வெடிப்பதில்லை. நடுவே நீண்ட அமைதி வரும், அடுத்த குண்டு எப்போது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே கொடி பறந்தால் உள்ளே போகவே கூடாது. அதே கண்டிப்பு ராணுவத்துக்கும் வேண்டும்: சுடுதல் இல்லையென்றால் கொடியை இறக்குங்கள்.

லுல்வொர்த்தில் பெரும்பாலான வார இறுதிகளில் பாதை திறந்திருக்கும். மஞ்சள் கம்பங்களுக்கு நடுவில் மட்டும்தான் நடக்கலாம். பக்கத்திலேயே பச்சைப் புல்வெளி, வழி சுருக்கமாகத் தெரியும், படம் எடுக்கவும் நல்ல இடமாகத் தெரியும். ஆனால் விழுந்து வெடிக்காத குண்டுகள் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்து விரியும்போது உள்ளே கிடப்பது மெல்ல மேலே வரும். மழை மேல்மண்ணை அரிக்கும். போன வருடம் சுத்தமாக இருந்த இடம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. துருப்பிடித்த குழாய்த்துண்டு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், காலால் தட்டியும் பார்க்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய் காவல்துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகளிடம் இதை வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விசித்திரமான பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

"அவ்வளவு ஆபத்து என்றால் மொத்தமாக மூடிவிடலாமே" என்பவர்களுக்கு டைன்ஹம் கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் லுல்வொர்த் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1943 டிசம்பரில் போருக்காக ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். ஒரு நாள் திரும்பி வருவோம், வீடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊர்க்காரர்கள் தேவாலயக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். போர் முடிந்தது, ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. இன்று அந்த இடிந்த வீடுகளுக்கு நடுவில் நாம் நடக்க முடிவதை ராணுவம் போட்ட பிச்சையாக நான் நினைக்கவில்லை. அந்த மண்ணின் மேல் பொதுமக்களுக்கு இன்னும் மிச்சமிருக்கும் உரிமை அது.

பொழுதுபோக்குக்கு நடக்கிறவன் திரும்பிப் போய்விடலாம். அந்த நிலத்தை நம்பிப் பிழைப்பவர் எங்கே போவார்? காஷ்மீரின் தோசமைதான் மேய்ச்சல் வெளியை 1964 முதல் 50 ஆண்டுகள் இந்திய ராணுவம் பீரங்கிப் பயிற்சிக்குக் குத்தகைக்கு வைத்திருந்தது. வெடிக்காத குண்டுகளால் சுற்றியுள்ள கிராமங்களில் உயிர்களும் போயின, கைகால்களும் போயின. கிராமத்தார் போராடினார்கள், 2014-இல் குத்தகை நீட்டிக்கப்படவில்லை. ஆடுமாடு மேய்ப்பவரிடம் எச்சரிக்கைப் பலகையைக் காட்டி மட்டும் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது. சுட்டவர்கள்தான் சுத்தம் செய்தும் தர வேண்டும்.

பிரிட்டனில் இந்த நிலங்களுக்கான துணைவிதிகள் 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போடப்படுபவை. பழையவற்றைத் திருத்தும் வேலை நடக்கிறது, கருத்துக் கேட்கும்போது நம்மவர்களும் எழுத வேண்டும். நான் கேட்கப் போவது இதுதான்: சுடும் நேர அட்டவணையை இணையதளத்தின் ஒரு மூலையில் போடுவதோடு நிறுத்தாமல், நடைபாதை காட்டும் கைபேசிச் செயலிகள் நேரடியாக எடுத்துக் காட்டும்படி தர வேண்டும். நான் வைத்திருக்கும் செயலியில் பாதை அழகாகத் தெரிகிறது, அன்றைக்குச் சுடுகிறார்களா என்பது தெரிவதில்லை. பயிற்சி ரத்தானால் அந்த மணி நேரத்திலேயே அதுவும் அதில் மாற வேண்டும்.