அட்டையில் இருப்பது உள்ளேயும் இருக்க வேண்டும்

வீடியோ கேம் பெட்டியின் அட்டையில் பிரபலமான பிராண்டைப் போட்டால் விற்பனை கூடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கூடும்தான். ஆனால் வாங்குகிறவனின் கதி என்ன என்று கட்டுரையாளர் கேட்கவே இல்லையே!

பள்ளி நாட்களில் வேலூர் பழைய பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையில், அட்டையில் மின்னிய கார் நிறுவனச் சின்னத்தை நம்பி, மாதக்கணக்கில் சேர்த்த காசைக் கொடுத்து ஒரு சிடி வாங்கினேன். உள்ளே அந்தக் கார் ஒரே ஒரு பந்தயத்தில் தலைகாட்டியது, அவ்வளவுதான். சத்துவாச்சாரி வரை நடந்தே வீடு திரும்பிய அந்த மாலையின் ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

இது புதிய நோயும் அல்ல. 1982இல் அடாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம் 'ஈ.டி.' என்ற ஹாலிவுட் படத்தின் புகழை நம்பி ஐந்தே வாரங்களில் ஒரு விளையாட்டை அவசரமாக உருவாக்கி விற்றது. விற்காமல் தேங்கிய கேசட்டுகள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன; 2014இல் தோண்டியபோது அவை வெளியே வந்தன.

மாறாக, உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் பெயரை 1993 முதல் சுமந்த கால்பந்து விளையாட்டு 2023இல் அதை இழந்தது. ஆனாலும் எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த விளையாட்டை விடவில்லை. அவர்களுக்குப் பிடித்த வீரர்களும் கிளப்புகளும் உள்ளே அப்படியே இருக்கிறார்கள். அட்டையில் சின்னம் போடுகிறவர்கள், அது விளையாட்டில் எந்த அளவுக்கு வருகிறது என்பதையும் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சிடட்டும்.