ஒரு மோட்டார், இரண்டு வீடு, ஈசாக்கின் கிணறு

'வாயை மூடிட்டு இருந்தா வீட்ல சண்டையே வராதும்மா' என்று பெண்கள் கூட்டத்தில் யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாயை மூடிக்கொண்டு நாற்பது நாள் சண்டை போட்டவள்.

இராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே சம்ப், ஒரே மோட்டார். கீழே நாங்கள், மேலே கொழுந்தனார் குடும்பம். ஒருநாள் விடியற்காலை டேங்க் நிரம்பி வழிந்து, மாடியில் காயப்போட்ட வத்தலெல்லாம் நனைந்துபோச்சு. 'கரண்ட் பில்லு சும்மாவா வருது?' என்றாள் ஓர்ப்படியா. நான் பதில் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் செல்போனைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும்போது முன்வரிசை, பின்வரிசை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அவள் பக்கம் மட்டும் திரும்பமாட்டேன். அப்படியே போய்த் திருவிருந்தும் எடுத்திருக்கிறேன். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று பைபிளில் மத்தேயு ஐந்தில் இருப்பது தெரியாமலா?

(எங்கள் ஏரியாவுக்குப் பேரே இராயப்பர் பேர்தான், அதாவது இயேசுவின் சீஷர் பேதுரு. இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில் பட்டயத்தை உருவி மல்குஸ் காதை வெட்டியவர். கோபம் மண்ணிலேயே இருக்கு போல.)

அந்த நாட்களில் ஆதியாகமம் 26 வாசித்தேன். தண்ணீர்ச் சண்டை எங்கள் தெருக் குழாயடியில் தொடங்கியதில்லை. ஆபிரகாமின் மகன் ஈசாக்கின் ஆட்கள் கிணறு வெட்டினால், கேராரூர் மேய்ப்பர் 'தண்ணீர் எங்களுடையது' என்று வந்து நிற்கிறார்கள். விட்டுவிட்டு இன்னொன்று வெட்டினால் அதற்கும் வாக்குவாதம். மூன்றாவதுக்குத்தான் யாரும் வரவில்லை, ரெகொபோத், அதாவது விசாலமான இடம் என்று பேர் வைத்தார். ஈசாக்கு விட்டுக்கொடுத்தார் என்பதோடு பிரசங்கத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் விட்டுக்கொடுத்த கிணறுகளுக்கும் சண்டையின் பேரைத்தானே வைத்தார், ஏசேக்கு (வாக்குவாதம்), சித்னா (பகை) என்று! பிறகு அவரைத் துரத்திவிட்ட ராஜா அபிமெலேக்கு தேடி வந்தபோது, 'என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள்' என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் விருந்து வைக்கிறார். மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. அடிக்கிற புருஷனிடமும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்று வசனம் காட்டுகிறவர்கள் 'எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்' என்று பவுல் எழுதின ரோமர் 12:18ஐ முழுசாக வாசிக்கட்டும். 'கூடுமானால்', 'உங்களாலானமட்டும்' என்று இரண்டு வார்த்தை அதில் இருக்கிறது. பவுல் சும்மா போட்டிருக்கமாட்டார். கூட ஊழியம் செய்த பர்னபாவோடு கடுமையாக முட்டிக்கொண்டு பிரிந்து போனவர் அவர்.

நாற்பதாம் நாள் மாடியேறிப் போனேன். 'நீ அன்னிக்குக் கேட்டது எனக்கு வலிச்சுதுமா' என்றேன். 'நீங்க பேசாம இருந்தது எனக்கு வலிக்காதாக்கா?' என்றாள். அரைமணி நேரம் நன்றாகவே சண்டை போட்டோம். டீ ஆறிப்போய், அவளே மறுபடி சுடவைத்துக் கொடுத்தாள். ஒற்றைப்படை தேதியில் மோட்டார் என் பொறுப்பு, இரட்டைப்படையில் அவள் பொறுப்பு என்று முடிவானது.

நேற்று என் முறை. மறந்தே போய்விட்டேன். மேலேயிருந்து குரல் வந்தது: 'அக்கோவ்... மோட்டாரு!'