ஐசியூ எஃப்எம்-னு பேரு வச்ச மகராசனுக்கு

பால்காய்ச்சு வீட்டு வீடியோவ குரூப்புல பாத்தவங்களுக்கு நான் எதப் பத்தி பேசுதேன்னு தெரியும். பாக்காதவங்க அப்படியே இருங்க, புண்ணியமாப் போவும். பந்தி பரிமாறி முதுகு ஒடிஞ்சு மாடி ரூம்புல ஒரு ஓரமா பாய விரிச்சு படுத்திருக்கேன், தலமாட்டுல போன் அதும்பாட்டுக்கு சன்னமா ஓடிட்டு இருக்கு, வாயப் பொளந்து தூங்குற என் மூஞ்சியயும் அந்த சத்தத்தையும் சேத்து எடுத்து 'அண்ணாச்சி ஐசியூ எஃப்எம் கேக்காரு'ன்னு ஒரு தம்பி போட்டுட்டான். சிரிப்பு எமோஜி மட்டும் 43. நல்லா சிரிங்க.

அது ஐசியூ இல்லடே. சோமா எஃப்எம்னு ஒரு இன்டர்நெட் ரேடியோ, ரஸ்டி ஹாட்ஜ்னு ஒருத்தர் சான் பிரான்சிஸ்கோவுல 2000-ல ஆரம்பிச்சது. அதுல நெறய சேனல் உண்டு, நான் கேக்கது ட்ரோன் சோன், ஒரே சுருதி நீளமா இழுத்துட்டே ஓடுத சேனல். பாட்டு கெடையாது, தாளம் அநேகமா கெடையாது, ஆர்ஜே வந்து 'ஹலோ மக்களே'ன்னு கழுத்தறுக்க மாட்டாரு, விளம்பரமும் இல்ல, கேக்கவங்க குடுக்க காசுலதான் ஓடுது. (நான் இன்னும் ஒத்த பைசா அனுப்பல, அது வேற வெக்கம்.) 2002-ல ராயல்டி, அதான் பாட்டுக்கு உரிமைக்காரங்களுக்கு குடுக்க காசு, அந்தப் பிரச்சினைல சில மாசம் மூடிக் கெடந்து பொறவு எந்திரிச்சு வந்த ரேடியோ அது.

நான் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். எல்லா சத்தமும் 'என்னப் பாரு, என்னப் பாரு'ன்னு நம்ம சட்டையப் பிடிச்சு இழுக்கணுமா? பின்னால கெடந்து ஓடுததும் ஒரு வேலைதான?

இப்படி பின்னால ஓடுத இசைக்கு ஆம்பியன்ட்-னு பேரு நிலைச்சது பிரையன் ஈனோன்னு ஒரு இங்கிலாந்து இசைக்காரராலதான். 1978-ல ஏர்போர்ட்டுல போடதுக்குன்னே ஒரு ஆல்பம் பண்ணாரு. கவனிச்சும் கேக்கலாம் கண்டுக்காமலும் விடலாம், ரெண்டுக்கும் எடம் குடுக்கணும்ங்கது அவரு கணக்கு. இத வாசிச்சப்ப எனக்கு எங்கம்மைதான் ஞாபகத்துக்கு வந்தா.

அம்மைக்கு முக்கூடல்ல பீடி சுத்துற வேலை. மடியில சொளவு, சன்னல்ல டிரான்சிஸ்டர். திருநெல்வேலி வானொலி, 1963-ல இருந்து இருக்க ஸ்டேஷன், காலைல இருந்து ஓடும். வேளாண்மைச் செய்தியோ, வில்லுப்பாட்டோ, எது ஓடினாலும் அவ கேட்டான்னு சொல்ல முடியாது. 'இப்ப என்ன பாட்டும்மா போச்சு'ன்னா 'யாரு கண்டா'ம்பா. ஆனா பேட்டரி எறங்கி கரகரன்னு அமுங்கிச்சோ, இலைய உருட்டுற பெருவிரல் அப்படியே நின்னுரும். 'ஏல, அதத் தட்டு'ம்பா. நான் பேட்டரிய உருவி வெயில்ல கொஞ்ச நேரம் வச்சு எடுத்தாந்து போடுவேன், சத்தம் வந்ததும் வெரல் திரும்ப ஓடும். ஆயிரம் பீடி முடியணும்லா. அவளப் பாத்து எவனும் ஐசியூன்னு சொல்லல.

'நம்மகிட்ட இல்லாததா, வெள்ளக்காரன் சத்தத்த எதுக்கு தூக்கிட்டு அலையுத'ன்னு ஒரு அண்ணன் கேட்டிருக்காவ. அண்ணே, நான் சொல்லுததே அதான. தம்புரா என்ன பண்ணுது? கச்சேரி முழுக்க ஒரே சுருதிய பின்னால பிடிச்சிட்டு ஒக்காந்திருக்கு, அதுக்கு யாரு கைதட்டுதா? அத நிப்பாட்டிட்டு பாடச் சொல்லுங்க பாப்போம். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்ல கல்லத் தட்டி காது வச்சு நின்னுட்டு வருத ஊரு நம்மூரு, நமக்கு இது புதுசா?

டேட்டா வேஸ்ட்டாம். 128 கேபிபிஎஸ்ல ஓடினா மணிக்கு 58 எம்பி கூட வராது. நீங்க காலைல அனுப்புற குட்மார்னிங் வீடியோவ கூட்டிப் பாருங்க.

இன்னொருத்தர் 'இதெல்லாம் ஒரு டேஸ்ட்டா'ன்னு கேட்டாரு. அவருக்கு பதில் கெடையாது.

நான் ஒண்ணும் கொட்டுக்கு எதிரி இல்ல, கேட்டியளா. கோயில் கொடைக்கு நையாண்டி மேளம் வந்தா மொத வரிசைல நிக்கது நான்தான். ஆனா பால்காய்ச்சுக்கு அடுக்கி வச்ச ஸ்பீக்கர் பாக்ஸுல காலைல நாலரைல இருந்து நெஞ்சு அதிர அதிர போட்டீங்களே, பக்கத்து வீட்டுல கைப்பிள்ள வீல்னு கத்துச்சே, அத எவனாவது வீடியோ எடுத்தானா? என் தலமாட்டுல கொசு மாதிரி கேட்ட சத்தம்தான் எல்லாருக்கும் எடஞ்சலாப் போச்சு.

அம்மை போனதுக்குப் பொறவு எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. கடேசி வாரம் நெஜமாவே ஐசியூ வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்திருந்தவன் நான். கதவு தெறக்கும்போதெல்லாம் உள்ள இருந்து டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், அத எவ்வளவு அழுத்தி மூடினாலும் காது விடாது. அத அமுக்கதுக்குத்தான்டே ஒரு ரேடியோவப் போட்டுட்டு படுக்கேன். பேரு வைக்கும்போது அந்தத் தம்பிக்கு இது தெரியாதுன்னு சொல்லாதீங்க, எனக்கு சாப்பாடு தூக்குச்சட்டியில கொண்டாந்தவனே அவன்தான்.

வீடியோவ அழிக்கச் சொல்லல. இருக்கட்டும். அந்த 43 பேரு யாரு யாருன்னு பேரோட பாத்து வச்சிருக்கேன். பெரிய மைனிமேல மட்டும் வருத்தம் இல்ல, அவுகளுக்கு கைதவறிப் பட்டிருக்கும், கண்ணாடி போடாம போன் பாக்கவங்க.